பெருக்குவதற்கென்று வைத்த குப்பை

புதுக் காலண்டரைச் சுருள் பிரிக்கும்போது வரும் வாசனை எனக்கு ஆகாது. மையும் வார்னிஷும் தகரப் பட்டையும் கலந்து வரும் அது மற்றவர்களுக்குப் புது வருஷம். எனக்கு ஒரு விளக்குமாறு. வீட்டில் யாராவது காலண்டரைப் பிரித்து உதறுவார்கள், பிள்ளைகள் லீவு நாட்களைத் தேடி ஓடிவருவார்கள், நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். போய் என்ன பயன்? மூக்குக்குள் அது இருந்துகொண்டே இருக்கும். கூடவே அந்த மனிதரும் இருப்பார், வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, இடுப்பில் துண்டைச் சுற்றி, கொடிக்கம்பத்தைப் பிடிப்பதுபோல விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு.

அறுபதுகளின் நடுவில் நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தேன். இளவட்டம். மெஷினிலிருந்து ஈரத்தோடு வரும் தாளை எடுத்து, ஒரு நிறம் இன்னொரு நிறத்தின் மேல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. முதலில் மஞ்சள் ஓடும். அப்புறம் சிவப்பு, நீலம், கடைசியில் கறுப்பு. ஆகவே நாட்டின் தேவர்களும் தலைவர்களும் கொழுகொழுக் குழந்தைகளும் எனக்கு முதலில் மஞ்சள் காமாலைக்காரர்களாகத்தான் அறிமுகம். அந்த மனிதரும் அப்படித்தான் வந்தார். ஆனால் அவர் மஞ்சளாக வருவதற்கு முன்பே அவரை எனக்குத் தெரியும். அவர் எங்கள் சபையின் பெரியவர்.

எங்கள் ஊர் ஆமத்தூருக்கு இந்தப் பக்கம், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, கரிசலுக்கு நடுவே. மிஷன் காலத்தில் கட்டிய கோயில் ஒன்று உண்டு. கோயில் என்றுதான் சொல்வோம், சர்ச் என்று சொன்னால் படித்த திமிர் என்பார்கள். அதன் பின்சுவரோடு ஒட்டி ஓர் ஓட்டு அறை. அதில் என் பெரியம்மா இருந்தாள். கிணறு வெட்டும்போது மண் சரிந்து பெரியப்பா போன பிறகு, சபையார் அவளுக்குக் கோயில் பெருக்கும் வேலையைக் கொடுத்தார்கள், வேலையோடு அந்த அறையையும். வேலை இருக்கும்வரை அறை. அதுதான் ஏற்பாடு.

அவளைப் பற்றி உருகி எழுத எனக்கு உத்தேசமில்லை. வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பெருக்குவாள். மூலை முடுக்குக்கெல்லாம் போக மாட்டாள். முன்னால் உட்காரும் பெண்களின் சேலையைப் பற்றி அவளுக்கு அபிப்பிராயம் உண்டு, அதை அவர்கள் காதில் விழும்படிதான் சொல்வாள். பிரசங்கம் நீண்டால் சத்தமாகக் கொட்டாவி விடுவாள். ஆனால் அந்த அறையின் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. மாலையில் கதவைச் சாத்தி அதைப் போட்டுக்கொள்வாள். "யார் வீட்டு அடுப்படியிலயும் போயி ஒண்டலை பாத்தியாலே" என்பாள் என்னிடம். புருஷன் போன பெண்கள் தம்பி வீட்டு அடுப்படியில் கருகிப்போவதைப் பார்த்தவள். அந்தத் தாழ்ப்பாள்தான் அவளுடைய சொத்து முழுவதும்.

பெரியவருக்கு வருகிறேன். பட்டாசுக் கம்பெனி முதலாளி. பெயர் வேண்டாம். சொன்னால் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும், எங்கே இருந்தாலும். கோயிலில் படித்தவர்களுக்குப் பெஞ்சு, எங்களுக்குப் பாய், அவருக்கு மட்டும் கைவைத்த நாற்காலி. ஒரு கோடையில் மலைமேல் நடந்த கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். வரும்போது பிளம்ஸ் பழமும் தைலமும் தாழ்மையும் வாங்கி வந்தார். பழத்தையும் தைலத்தையும் வீட்டில் கொடுத்தார். தாழ்மையைக் கோயிலுக்குக் கொண்டுவந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஐயர் ஆசீர்வாதம் கூறக் கையைத் தூக்கும் நேரம், பெரியவர் எழுந்து நின்றார். போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்போம். தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஐயர் மெல்லக் கீழே இறக்கினார்.

"ஆண்டவரு துண்டக் கட்டிக்கிட்டு சீஷர் காலைக் கழுவினாரு. நாம என்ன செஞ்சோம்? நாற்காலில உக்காந்திருக்கோம்." நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான். "தலைவன்னா மொதல்ல குனியணும். இன்னைலருந்து இந்தக் கோயிலை நான் பெருக்குதேன்."

தோளில் கிடந்த ஜரிகைத் துண்டை எடுத்து இடுப்பில் சுற்றினார். யாரோ ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னாலிருந்து பெரியம்மாவின் விளக்குமாற்றை எடுத்துக் கொடுத்தார்கள். பெருக்க ஆரம்பித்தார், நாங்கள் எல்லோரும் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே. ஜனம் கலைந்த பிறகு பெருக்குவது சுலபம்தான். ஆனால் கலைந்த பிறகு யார் பார்ப்பது? பாயைச் சுருட்டி, காலை மடக்கி, பிள்ளைகளைத் தூக்கி மடியில் வைத்து, அவருக்கு வழி விட்டோம். கரிசல் தூசி எழுந்தது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளையெல்லாம் சாம்பல் பூத்தது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள், பாதி பக்தி, பாதி தூசி. எனக்குப் பக்கத்தில் பெரியம்மா முனகினாள்.

"காத்துக்கு எதுத்தாப்புல பெருக்குதாரே, கிறுக்கு முண்டம்."

அதற்குள் அவள் காலடிக்கே வந்துவிட்டார். "சகோதரி, கொஞ்சம் காலை எடுத்துக்கிடுங்க" என்றார். அதுவரை அவளை 'இந்தாம்மா' என்றுதான் கூப்பிடுவார். பெரியம்மா காலை எடுத்தாள். எடுத்த காலை எங்கே வைப்பது என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை. கொஞ்ச நாளில் தெரிந்துபோயிற்று.

தாழ்மை எங்கள் ஊரில் கண்வலி மாதிரி பரவியது. அந்த வாரமே கமிட்டி கூடி, இனிக் கமிட்டியாரே முறை வைத்துச் சனிக்கிழமைதோறும் கோயில் பெருக்குவது என்று தீர்மானித்தார்கள். பெருக்குவது இனி ஊழியம். ஊழியத்துக்கு ஏது சம்பளம்? சம்பளம் இல்லாத இடத்தில் ஆள் எதற்கு? ஆள் இல்லாத இடத்தில் அறை எதற்கு? அதை ஜெப அறையாக்குவது என்றும் சேர்த்தே முடிவாயிற்று. இத்தனை அழகாக, ஒரு கொக்கியில் இன்னொரு கொக்கி மாட்டி, ஒரு கிழவியைத் தெருவுக்கு இழுக்க வேறு எந்தப் பாவத்தாலும் முடிந்திருக்காது. புண்ணியத்தால் முடிந்தது.

சொல்ல வந்தவர் கமிட்டிச் செயலாளர், பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர். வாசலில் நின்று குடையைத் தரையில் ஊன்றி ஊன்றிப் பேசினார்.

"பெரியவரே வெளக்கமாத்தைத் தொட்ட பிறகு, உங்களுக்குக் கூலி குடுத்துச் செய்யச் சொன்னா நல்லாவா இருக்கும், நீங்களே சொல்லுங்க."

"எம்புட்டு நேரத்துக்கு வருவாரு சார்?"

"யாரு?"

"பெருக்கதுக்கு. கதவத் தெறந்து வைக்கணும்லா."

ஹெட்மாஸ்டர் குடையைக் கக்கத்தில் இடுக்கினார். மழை பிடிப்பதற்குள் அறையைக் காலி செய்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். இதையும் தயவு என்றுதான் கமிட்டி நினைத்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் எல்லாவற்றையும் கரித்துக்கொட்டுகிறவன் என்று ஆகிவிடும். நான் சின்னப் பையனாக இருந்தபோது ஊரில் வாந்திபேதி வந்தது. அன்றிருந்த ஐயரின் மனைவி, நர்ஸ் வேலை பார்த்தவள், வீடு வீடாகப் போய் வாளியில் கழிவை எடுத்து ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினாள். யாரும் பாயை மடக்கி வழி விடவில்லை. கதவைத்தான் சாத்திக்கொண்டார்கள். அவள் வாயிலிருந்து தாழ்மை என்ற வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. "இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு இருந்தா குடுங்க" என்று கேட்டுக் கேட்டு வாங்கிப் போவாள், அவ்வளவுதான். அவளைப் படம் எடுக்க யாரும் வரவில்லை. வந்திருந்தாலும் வாளி நாறியிருக்கும்.

பெரியவரைப் படம் எடுக்க சிவகாசியிலிருந்தே ஆள் வந்தார். அதற்கு முன்னால் ஒரு சிக்கல். பெரியவருக்குத் தூசி ஆகாது. அந்த முதல் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நாள் கணக்காகத் தும்மினார். ஆடி மாதம், மேல்காற்று வேறு, ஜன்னல் வழியாகக் கரிசல் முழுவதும் கோயிலுக்குள் வந்து உட்காரும். ஆகவே ஹெட்மாஸ்டர் மறுபடி குடையோடு வந்தார். சனிக்கிழமை காலையிலேயே பெரியம்மா ஒரு தடவை பெருக்கிவிட்டால் நல்லது. சம்பளத்துக்கு இல்லை, உதவியாக. எப்படியும் அறையில்தானே இருக்கிறாள்?

"பெருக்கிருதேன் சார். பொறவு அவரு வந்து எதைப் பெருக்குவாரு?"

ஹெட்மாஸ்டர் யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, குடையின் பிடியைத் தடவி, உண்மையாகவே யோசித்தார். "நடுப்பாதையில கொஞ்சம் குப்பை வச்சிருங்க. தூசியில்லாத குப்பையா."

அப்படி ஒரு குப்பை உலகத்தில் எங்கள் சபைக்கு மட்டும்தான் தேவைப்பட்டிருக்கும். பெரியம்மா அதையும் கண்டுபிடித்தாள். வெளியே நின்ற வேப்பமரத்தின் கீழே விழுந்த இலைகளை ஒரு கடகத்தில் பொறுக்கி, முறத்தில் இட்டுத் தூசி போகப் புடைத்து, பெருக்கித் துடைத்த நடுப்பாதையில் தூவி வைத்தாள். வேலை முடிந்து சைக்கிளில் வந்த நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கல்யாண வீட்டில் பன்னீர் தெளிப்பவளைப்போல அவ்வளவு கவனம்.

"பச்சை எலையும் கெடக்கே பெரியம்மா, அதையும் போட வேண்டியதுதான?"

"போலே. பழுத்ததுதான் படத்துல எடுப்பா விழும்" என்றாள்.

பெரியவர் வந்தார், துண்டைக் கட்டினார், இலைகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தள்ளினார். படக்காரர் குனியச் சொன்னார், இன்னும் கொஞ்சம் குனியச் சொன்னார், முகம் மட்டும் நிமிர்ந்திருக்கட்டும் என்றார். முதுகு குனிந்து முகம் நிமிர்ந்த அந்த நிலை மனித உடம்புக்கு அவ்வளவு சுலபமில்லை. அவருக்கு வந்தது. அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு கமிட்டிக்காரருக்கும் அதேபோல வேப்பிலை வைக்க வேண்டியதாயிற்று. ஒரு வாரம் வைக்க விட்டுப்போனதில் கமிட்டியில் இருந்த கடைக்காரர் ஒருவர் கோபித்துக்கொண்டார், அவருக்கு மட்டும் எலிப்புழுக்கை கிடந்ததாம்.

படம் எங்கள் அச்சகத்துக்குத்தான் வந்தது, அவர் கம்பெனியின் புது வருஷக் காலண்டருக்கு. மேலே பாதம் கழுவும் ஆண்டவர், கீழே பெருக்கும் பெரியவர், அதற்கும் கீழே பட்டாசு லேபிள்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நிறம் ஏற்றிய ஓவியர், தரையில் கிடப்பது பூ என்று நினைத்து, வேப்பிலைக்கெல்லாம் ரோஜா நிறம் கொடுத்துவிட்டார். பெரியவர் வந்து பார்த்தார். "இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு" என்றார்.

மெஷின்காரர் என்னைக் கூப்பிட்டார். "ஏலே, ஒங்க கோயில்ல குப்பை கூட மணக்கும் போல?"

"ஆமாண்ணே. தும்மலே வராது."

மஞ்சள் ஓடியது. சிவப்பு ஓடியது. சிவப்பு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று நான் பார்த்தேன். வெகு சரியாக உட்கார்ந்திருந்தது.

அப்போது தீபாவளி சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. லோடு ஏற்றிய லாரிகள் ஊர்ப் பாதையில் கூடப் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் கோயில் முகப்பில் நிழலுக்கு ஒதுங்கி நின்றபோது, பெரியவர் பெரியம்மாவைக் கைகாட்டி அழைத்தார். நாலு பேர் கேட்கவேண்டும் என்ற குரல்.

"சகோதரி, நீங்க எங்க போறதுன்னு கவலைப்பட வேண்டாம். நம்ம கம்பெனில மருந்து ரூமு பெருக்க ஆள் இல்ல. உங்களுக்குப் பழகின வேலைதான? கம்பெனி வரிசைவீட்டுலயே ஒரு ரூமும் தாரேன். கதவு, தாப்பாள் எல்லாம் இருக்கு."

தாழ்ப்பாள் என்ற வார்த்தையைக் கேட்டதும் பெரியம்மாவின் முகம் அசைந்ததை நான் பார்த்தேன். சுற்றி நின்றவர்கள் ஸ்தோத்திரம் என்றார்கள்.

மருந்து ரூம் என்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வெடிமருந்து கலக்கும் அறை. மற்றக் கட்டிடங்களை விட்டுத் தள்ளி, காம்பவுண்டின் கடைசியில் தனியாக நிற்கும். போனால் அது மட்டும் போகட்டும் என்று. செருப்பு கூடாது, வளையல் கூடாது, தரையில் ஒரு கல் உரசினால் போச்சு. அங்கே பெருக்குகிறவள் சிந்திய மருந்தைப் பிறந்த குழந்தையைத் தடவுவதுபோலக் கூட்டி எடுக்க வேண்டும். அதுவரை அங்கே பெருக்கியவளை நான் பார்த்திருக்கிறேன். அவளுடைய வலக்கை முழங்கைவரை மெழுகு மாதிரி மினுங்கும், ஒரு ரோமம் இருக்காது. வேலையை விட்டு நின்றுவிட்டாள். ஏன் நின்றாள் என்று எந்த ஜெபக் கூட்டத்திலும் யாரும் கேட்கவில்லை. முதலாளி ஆபீஸ் அறையைத் தாண்டி அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை என்று கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள், குறையாக அல்ல, வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோல.

பெரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஐயா சொன்னா சரிதான். நாளைக்கே வாரேன்."

மறுபடி ஸ்தோத்திரம்.

"ஒண்ணே ஒண்ணுய்யா. எனக்கு அந்த ரூமு பழக்கமில்ல. இங்கன கோயில்ல நீங்க மொதல்ல குனிஞ்சு காட்டினீக, பொறவு கமிட்டிக்காரக எல்லாரும் ஒங்களப் பாத்துக் குனிஞ்சாக. அங்கனயும் அப்படியே நீங்க முன்னால பெருக்குங்க. நான் ஒங்க பின்னாலயே நின்னு அள்ளுதேன்."

வேப்பமரத்தில் காகம் ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது கேட்டது. பெரியவர் சிரித்தார். சிரித்துவிட்டு, தன்னோடு யாராவது சிரிக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தார்.

"இந்தாம்மா, அது தொழிலு." 'சகோதரி' போய்விட்டாள். "லைசென்ஸ் எம்பேர்ல இருக்கு. எனக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா எம்புட்டுக் குடும்பம் நடுத்தெருவுல நிக்கும் தெரியுமா?"

"நிக்குமய்யா. எனக்கு ஆயிருச்சுன்னா ஒருத்தரும் நிக்க மாட்டாக. அதுவும் சரிதான்."

ஐயர் தன் அங்கியின் பொத்தான்களை மேலிருந்து கீழே சரிபார்த்தார். ஹெட்மாஸ்டர் வெயில் இல்லாத இடத்தில் குடையை விரித்தார். பெண்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு கலைந்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுவதும் ஒரு தீர்ப்பு வந்துவிட்டது. அவள் பெருமைக்காரி. நன்றி கெட்டவள். தாழ்மை இல்லாதவள். ஆம், பெருக்குகிறவளுக்குத் தாழ்மை இல்லை என்று பேசினார்கள். கூச்சமில்லாமல் பேசினார்கள். அந்த வாய்களை நான் இன்றைக்கும் கோயில் முகப்புகளில் பார்க்கிறேன், வேறு முகங்களில் பொருத்தப்பட்டு.

விளக்கேற்றும் நேரத்தில் அவள் அறைக்குப் போனேன். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள்.

"கம்பெனில வேற ஏதாவது வேலை கேட்டிருக்கலாம்லா பெரியம்மா? லேபிள் ஒட்டுறது, தாள் சுருட்டுறது..."

"அவரு எனக்குன்னு பாத்துக் குடுத்தது அந்த ரூமைத்தான்லே. நான் வெந்து போனா ஒங்க ஐயரு என்னைய உண்மையுள்ள ஊழியக்காரின்னு பிரசங்கம் பண்ணுவாரு. அதுக்கு நான் ஆளில்ல." உரலைத் தட்டி, இடித்ததை வாயில் போட்டுக்கொண்டாள். "காரியாபட்டிக்குப் போறேன். தம்பி பொண்டாட்டி மொறைக்கத்தான் செய்வா. மொறைச்சா தீயா புடிக்கப் போகுது?"

பேச்சுக்குச் சொன்னாள். தாழ்ப்பாளை அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். துருப்பிடித்த, விரல் நீளத் தாழ்ப்பாள்.

அவள் கிளம்பிய நாள் ஒரு சனிக்கிழமை. மேற்கே மேகம் கட்டியிருந்தது. அவள் தகரப் பெட்டியை என் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அன்று முறை பெரியவருடையது. ஹெட்மாஸ்டரோடு வந்தார், துண்டைக் கட்டிக்கொண்டே படியேறினார், கதவைத் தள்ளி உள்ளே பார்த்தார், நின்றுவிட்டார். வேப்பிலை இல்லை. அந்த வாரம் முழுவதும் அடித்த காற்று கொண்டுவந்த கரிசல் மட்டும் நடுப்பாதையில் பாய் விரித்ததுபோலக் கிடந்தது. அதன்மேல் அணில் ஓடிய தடம். அவர் மூக்கு அப்போதே சிவக்க ஆரம்பித்தது.

பெரியம்மா மறக்காமல் விளக்குமாற்றைக் கதவோரம் சாத்தி வைத்திருந்தாள். படியில் ஏறி அறைச் சாவியை நீட்டினாள். அவர் உடனே வாங்கவில்லை, ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் வாங்கிக்கொண்டார்.

"போயிட்டு வாங்கம்மா. உங்களுக்காக ஜெபிக்கேன்" என்றார் பெரியவர், துண்டின் நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

"ஜெபிங்கய்யா" என்றாள் பெரியம்மா. "அதுக்கு மின்ன, அந்த நற்கருணை மேசைக்குப் பின்னால ஒரு தடவை பெருக்கிருங்க. நான் வந்த நாள்லருந்து அங்கன பெருக்கினதே இல்ல."